ஒத்தக் காதுக்கு ரெண்டு ஸ்பீக்கர்

மெஷின் அக்காவுக்கு இடது காது கேட்காது. மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு காய்ச்சல் வந்து பத்து நாள் படுக்கையில் போட்டது. போகிறபோது சும்மா போகாமல் அந்தக் காதையும் கையோடு கூட்டிக்கொண்டு போய்விட்டது. அதுவரை அச்சகத்தில் நாலு வண்ண மெஷினை ஓட்டியவள் அவள். மேனேஜர் நல்ல மனுஷர். இந்த நல்ல மனுஷர்களிடம்தான் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். ஒரு வார்த்தை அதட்டாமல், எல்லாம் உங்கள் நல்லதுக்குத்தான் என்று சொல்லி, அவளை மெஷினிலிருந்து இறக்கி, அச்சான தாளை எண்ணிக் கட்டுக் கட்டுகிற மேஜையில் உட்கார வைத்தார். பதினாறு வருடம் ஓட்டிய மெஷின் போயிற்று. பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது.

வீட்டிலும் இதே நல்லதுதான் நடந்தது. வீட்டுக்காரர் அவளிடம் சொல்ல வேண்டியதைத் தன் தம்பியிடம் சொல்லிவிடுவார். ஒன்றை இரண்டு தடவை சொல்கிற சிரமம் எதற்கு என்று. வாசலில் பெல் அடித்தாலும், அடுப்பில் குக்கர் கத்தினாலும், நீ இரு, நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். இருந்து இருந்து அவளுக்கு அலுத்துவிட்டது. போனது ஒரு காது. இவர்கள் ஆளையே கழித்துக் கட்டிவிட்டார்கள்.

அவளுக்கென்று மிச்சம் இருந்தது ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி ஒன்றுதான். மகள் வெளியூரில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிறாள். போன் செய்தால் சாப்பிட்டேன், தூங்கினேன், வைக்கட்டுமா. அதற்கு மேல் பேசினால் வாயிலிருந்து முத்து உதிர்ந்துவிடும். ஆனால் கம்ப்யூட்டரில் ஒரு துப்பாக்கி விளையாட்டு இருக்கிறது. மூன்று மூன்று பேராக ஒரு பாழடைந்த ஊரில் இறங்க வேண்டும். கடைசிவரை உயிரோடு நிற்கிற கூட்டம் ஜெயிக்கும். அதில் இறங்கிவிட்டால் அதே மகள் மடை திறந்த மாதிரி பேசுவாள். அந்த ஜன்னலைப் பார் அம்மா என்பதற்கும், இந்தத் தடவை பரீட்சையில் ஒரு பேப்பர் போய்விடும் போலிருக்கிறது அம்மா என்பதற்கும் நடுவில் மூச்சுகூட விடமாட்டாள். சுடுவதெல்லாம் ஒரு சாக்கு. அந்த ஒன்றரை மணி நேரப் பேச்சுக்காகத்தான் அக்கா நாற்பத்தாறு வயதில் துப்பாக்கி பிடிக்கப் பழகினாள். பிடித்தாள் என்றால் ஏனோதானோ என்று இல்லை. குறி வைத்தால் தப்பாது.

ஆனால் அந்த விளையாட்டில் கண்ணைவிடக் காது முக்கியம். எதிரி வருவதற்கு முன்னால் அவன் காலடிச் சத்தம் வரும். எந்தப் பக்கம் என்று தெரிந்து திரும்பினால் நாம் பிழைப்போம், தெரியாவிட்டால் அவன் பிழைப்பான். இயர்போன் போட்டால் இடது பக்கத்துக் காலடியெல்லாம் செத்த காதில் விழுந்து அங்கேயே செத்துப்போனது. கொழுந்தன் கம்ப்யூட்டரில் எதையோ மாற்றி, இரண்டு பக்கத்துச் சத்தத்தையும் ஒன்றாகக் கலந்து வலது காதுக்கு அனுப்பிப் பார்த்தான். சத்தம் வந்தது. திசை வரவில்லை. போன ஞாயிறு கடைசி இரண்டு கூட்டம் மிச்சம் இருந்தபோது காலடி கேட்டது. அக்கா வலது பக்கம் திரும்பினாள். வந்தவன் இடது பக்கமாக வந்து மூன்று பேரையும் வரிசையாகப் படுக்க வைத்துவிட்டுப் போனான்.

மூன்றாவது ஆள் மகளின் அறைத்தோழி. அவள் ஒரு பெருமூச்சோடு நிறுத்திக்கொண்டாள். சொன்னது மகள்தான், அதுவும் ரொம்பப் பக்குவமாக.

"அம்மா, அடுத்த வாரமும் இப்படியே ஆச்சுன்னா பக்கத்து ரூம் பொண்ணு ஆடட்டும். நீ சும்மா பாத்துக்கிட்டு இரு. உனக்கும் டென்ஷன் இல்ல."

அப்படியே மேனேஜரின் குரல். பெற்ற பெண்ணின் வாயிலிருந்து அந்தக் குரல் வந்தபோது அக்காவுக்கு அழுகை வரவில்லை, பற்றிக்கொண்டு வந்தது. சும்மா பார்த்துக்கொண்டு இருப்பவளிடம் யார் என்ன பேசப் போகிறார்கள்? இரண்டு வாரம் போனால் அம்மா பார்க்கிறாளா இல்லையா என்றுகூட மறந்துவிடுவார்கள். மூன்று மணியும் போனால் அப்புறம் போனில் அந்த மூன்று வார்த்தைதான்.

மூன்று நாள் யோசித்தாள். இயர்போன் காதுக்கு ஒரு பக்கம் என்று சத்தத்தைப் பங்கு வைக்கிறது. மேஜையில் ஸ்பீக்கர் வைத்தால் சத்தம் அறை முழுக்கப் பரவும், இடது பக்கத்துச் சத்தமும் சுற்றிக்கொண்டு வலது காதுக்கு வந்து சேரும். பேசுகிறபோது மட்டும் ஒரு பொத்தானை அழுத்திக்கொண்டால் மைக்கில் எதிரொலிக்காது. புதன்கிழமை சாப்பாட்டு மேஜையில், கம்ப்யூட்டருக்கு ஸ்பீக்கர் வாங்கப் போகிறேன் என்றாள்.

கொழுந்தன் தட்டிலிருந்து தலையைத் தூக்கினான். லிஃப்ட் ரிப்பேர் பார்க்கிறவன் அவன். குடியிருப்பு மாடி அறையில், சாப்பாடு இங்கே. நல்ல பிள்ளைதான், ஆனால் கை சும்மா இருக்காது. எங்கேயாவது கிர்ரென்று ஒரு சத்தம் கேட்டால் ஸ்க்ரூடிரைவரோடு வந்து நிற்பான். சத்தம் வந்தால் பழுது, சத்தம் நின்றால் சரி. அவன் படித்த வேதம் அவ்வளவுதான்.

"ஒத்தக் காதுக்கு எதுக்கு அண்ணி ரெண்டு ஸ்பீக்கர்? ஒண்ணு போதுமே. பாதி விலையில முடிஞ்சிடும்."

வீட்டுக்காரருக்குச் சிரித்துப் புரையேறியது. செவிடன் காதில் சங்கு ஊதுகிற பழமொழி அவர் நாக்கு நுனிவரை வந்துவிட்டதை அக்கா பார்த்தாள். அவள் பார்த்த பார்வையில் அது வந்த வழியே உள்ளே போயிற்று.

"ரெண்டுதான் வாங்குவேன்," என்றாள். "ஒரு கண்ணு தெரியாதவங்க மூக்குக் கண்ணாடிய ஒடச்சுப் பாதியாவா போட்டுக்கறாங்க?"

வியாழக்கிழமை வேலை விட்டு நேராகக் கடைத்தெருவுக்குப் போனாள். கையில் இருந்தது ஓவர்டைம் பணம். அதற்குள் முடிக்க வேண்டும், ஒரு பைசா யாரிடமும் கேட்கிற உத்தேசம் இல்லை. கம்ப்யூட்டர் சாமான் கடை குறுகலாக நீளமாக இருந்தது. முன்னால் கண்ணாடி அலமாரி, பின்னால் ரிப்பேர் மேஜை, நடுவில் தலையில் முடியும் முகத்தில் அவசரமும் இல்லாத கடைக்காரர்.

"பையனுக்கா மேடம்?"

"எனக்கு."

"பாட்டுக் கேக்கறதுக்கா?"

"கேக்கணும். அதுக்கு முன்னாடி சுடணும்."

கடைக்காரர் அவளை ஒரு தடவை மேலும் கீழும் பார்த்துவிட்டு, சுடுகிறவர்கள் எல்லாரும் வாங்குவதென்று ஒரு செட்டை எடுத்து வைத்தார். பளபளவென்று இரண்டு பிளாஸ்டிக் ஸ்பீக்கர், மேஜைக்குக் கீழே வைக்க ஒரு டமடமப் பெட்டி, சுற்றிலும் கலர் கலராக விளக்கு. அட்டையில் வாட்ஸ் கணக்கு ஆயிரத்தில் போட்டிருந்தது. இது நிஜமாகவே அவ்வளவு வாட்ஸ் இழுத்தால் உங்கள் கடை ஃபியூஸ் தாங்குமா என்று அக்கா கேட்டாள். அவர் சிரித்து மழுப்பினார்.

போன ஞாயிறு தோற்ற ஆட்டத்தை, எங்கே தப்பு நடந்தது என்று பார்க்கச் சொல்லி, மகள் பதிவு செய்து அனுப்பியிருந்தாள். அக்கா அதைத்தான் தன் போனிலிருந்து போடச் சொன்னாள். குண்டு வெடித்தபோது கடையே அதிர்ந்தது, அலமாரிக் கண்ணாடி நடுங்கியது. காலடி? அது அந்த டமடமவுக்கு அடியில் எங்கேயோ நசுங்கிக் கிடந்தது. விளக்கு நன்றாகத்தான் எரிந்தது. விளக்கைக் காதால் கேட்க முடியாதே.

அக்கா ரிப்பேர் மேஜையிலிருந்து நீளமான ஸ்க்ரூடிரைவர் ஒன்றை எடுத்தாள். முனையை ஸ்பீக்கர் உடம்பில் வைத்து, கைப்பிடியை வலது காதுக்குப் பின்னால் எலும்பில் அழுத்திக்கொண்டாள். அச்சகத்தில் மெஷினுக்குள் பேரிங் தேய்ந்திருக்கிறதா என்று இப்படித்தான் பார்ப்பார்கள். இரும்பு சொல்வதை எலும்பு கேட்கும். 

"முன்னாடி வலைய மூடியிருக்கற பிளாஸ்டிக் லூசா இருக்கு. ஒவ்வொரு அடிக்கும் கரகரங்குது," என்றாள். "வேற காட்டுங்க."

அடுத்து வந்தது விளக்கோ வேஷமோ இல்லாத ஒரு ஜோடி. மரப்பலகைப் பெட்டி, சாம்பல் நிறத் துணி. வலது பெட்டிக்குள் மின்சார வேலையெல்லாம் இருந்தது. இடது பெட்டி அதிலிருந்து ஒரு ஒயரில் தொங்கும். விலையும் கைக்குள் அடங்கியது. முதலில் ஒரு பாட்டுப் போட்டாள், இயர்போனில் மூன்று வருடமாகத் தினமும் பஸ்ஸில் கேட்கிற பாட்டு. இரண்டாவது வரியில் ஒரு புல்லாங்குழல் உள்ளே வந்தது. அக்கா திடுக்கிட்டுப் போனாள். பாடுகிறவள் ஒன்று சொல்ல, குழல் அதற்குப் பதில் சொல்லிக்கொண்டே கூட வந்தது. அது இடது பக்கத்துக் குழல். மூன்று வருடமாக அவள் பதிலே இல்லாத பாட்டைக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். கண் கலங்கிவிட்டது, ஆத்திரத்தில்தான். எதெதெல்லாம் இப்படி அவளுக்குச் சொல்லாமலே காணாமல் போயிற்றோ என்று நினைத்தாள்.

இதையே கட்டுங்கள் என்று சொல்ல வாயெடுத்தவள், எதற்கும் இருக்கட்டும் என்று ஆட்டத்தைப் போடச் சொல்லிக் கண்ணை மூடிக்கொண்டாள். தொம் தொம் என்று காலடி கண்ணாடி போலத் தெளிவாக வந்தது. எந்தப் பெட்டியிலிருந்து? தெரியவில்லை. இரண்டும் ஒரே அச்சில் வார்த்த இரட்டைப் பிள்ளைகள். எது பேசினாலும் ஒரே குரல். கடைக்காரர் ஐந்து தடவை மாற்றி மாற்றிப் போட்டார். ஐந்தில் மூன்று தப்பு.

அக்கா ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். ஒரு காதுக்கு ஒன்று போதும் என்று கொழுந்தன் சொன்னது நிஜமாகிவிடும் போலிருந்தது. கடைக்காரரும் இரக்கப்பட்டு, பேசாமல் பாட்டு மட்டும் கேளுங்களேன் மேடம் என்றார். அந்த இரக்கம்தான் அவளை எழுப்பி நிறுத்தியது.

அவள் ஓட்டிய மெஷினில் வண்ணத்துக்கு ஒன்றாக நாலு யூனிட். கறுப்பு யூனிட் பல்லைக் கடிக்கும், நீலம் பெருமூச்சு விடும், சிவப்பு முனகும், மஞ்சள் சும்மா சலசலக்கும். எது மக்கர் செய்கிறதென்று கண்ணைக் கட்டிவிட்டாலும் சொல்வாள். காது போன பிறகும் சொன்னாள், மேனேஜர்தான் நம்பவில்லை. அதற்கு இரண்டு காது எதற்கு? ஆளுக்கு ஒரு குரல் இருந்தால் போதுமே.

"வலது பக்கம் இந்த மரப்பெட்டி இருக்கட்டும்," என்றாள். "இடது பக்கத்துக்கு அந்தக் கரகரப்பான பிளாஸ்டிக் ஒண்ணு குடுங்க."

"ஜோடியப் பிரிக்கக் கூடாது மேடம். இது வேற, அது வேற. சேராது."

"சேரக் கூடாதுன்னுதான் கேக்கறேன்."

ரிப்பேர் மேஜைக்குக் கீழே, டமடமப் பெட்டி கருகிப்போய் ஜோடியை இழந்த அதே மாதிரி பிளாஸ்டிக் ஒன்று அநாதையாகக் கிடந்தது. ஒயரை வெட்டி ஒட்டி மரப்பெட்டியில் மாட்டினார்கள். வலது காலடி தொம் தொம் என்றது. இடது காலடி சரக் சரக் என்றது. அக்கா கண்ணை மூடிக்கொண்டு பத்துக்குப் பத்து சொன்னாள். பாட்டில் புல்லாங்குழலுக்குக் கொஞ்சம் ஜலதோஷம் பிடித்த மாதிரி இருந்தது, இருந்தாலும் வந்தது. கடைக்காரர் அநாதைக்குக் காசு வாங்கவில்லை. கேரண்டி மட்டும் கேட்டு வந்துவிடாதீர்கள் என்று கும்பிட்டார்.

வீட்டுக்கு மூன்று பெட்டியோடு வந்தாள். மிஞ்சிப்போன மர ஸ்பீக்கரைக் கொழுந்தன் கையில் கொடுத்து, ஒன்று போதும் என்று சொன்னாயே, இந்தா என்றாள். அவன் அசடு வழிந்தான். ஆனால் மாட்டிப் போட்டுக் காட்டியபோது அவன் காது அந்தக் கரகரப்பிலேயே நின்றுவிட்டதை அவள் கவனிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்குக் கால் மணி நேரம் இருந்தபோது கம்ப்யூட்டரைப் போட்டாள். பயிற்சி மைதானத்தில் இறங்கி நடந்தாள். வலது பக்கம் தொம் தொம். இடது பக்கமும் தொம் தொம். ஒயரைப் பார்த்தாள், சரியாக இருந்தது. மறுபடி நடந்தாள். அதே தொம் தொம். 

கொழுந்தன் வாசற்படியில் சாய்ந்து, பாராட்டுக்குக் காத்திருக்கிற முகத்தோடு நின்றான். நேற்று அவள் ஓவர்டைமுக்குப் போயிருந்தபோது பிளாஸ்டிக்கைக் கழற்றி, உள்ளே ஸ்பாஞ்சை அடைத்து, நாலு திருகாணியையும் இறுக்கி, ஓரத்தில் ரப்பர் வைத்து அமுக்கிவிட்டானாம். அண்ணிக்கு ஆச்சரியமாக இருக்கட்டும் என்று சொல்லவில்லையாம்.

அக்கா எழுந்து போய் அவன் சட்டைப் பையிலிருந்த ஸ்க்ரூடிரைவரை உருவினாள்.

"சரி பண்ணினத மறுபடி கெடுக்கப் போறீங்களா அண்ணி?"

"கெடுக்கல. நீ லிஃப்ட்ல சத்தத்த நிறுத்திப் பொழைக்கிறவன் தம்பி. நான் சத்தத்த வச்சுப் பொழைக்கிறவ." திருகாணி ஒவ்வொன்றாக மேஜையில் விழுந்தது. "என்ன மெஷின விட்டு எறக்கினதும் நல்லதுக்குத்தான். இந்த வீட்டுல எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லாம எல்லாத்தையும் நீங்களே பேசி முடிக்கிறதும் நல்லதுக்குத்தான். போதும். இனிமே என்னக் கேக்காம என் நல்லதுக்கு யாரும் எதையும் தொடக் கூடாது."

உள்ளே ஹாலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த வீட்டுக்காரர் அதை மடித்து வைக்கிற சத்தம் கேட்டது. கொழுந்தன் கிட்டே வந்து, உருண்டு ஓடப் போன திருகாணிகளை உள்ளங்கையில் பிடித்துக்கொண்டு நின்றான். ரப்பர் போயிற்று, ஸ்பாஞ்ச் போயிற்று. இரண்டே திருகாணியைப் பாதி முடுக்கி மூடினாள். தட்டிப் பார்த்தாள். சரக் என்றது. மணி மூன்று.

முதலில் யாரும் எதையும் கவனிக்கவில்லை. மகள் வழக்கம்போல ஹாஸ்டல் தண்ணீர்க் குழாயையும் வார்டனையும் திட்டிக்கொண்டே ஓடினாள். தோழி இன்றைக்கு ஜாக்கிரதையாக மூவரிலும் முன்னால் போனாள். அக்காவை நம்பவில்லை என்று அர்த்தம். ஒரு பழைய பள்ளிக்கூடத்தில் சரக் என்றது. அக்கா இடது பக்கம் திரும்பிச் சுட்டாள், ஒருவன் விழுந்தான். ஒரு பெட்ரோல் பங்க்கில் தொம் என்றது. வலது பக்கம் இருவர் விழுந்தார்கள். தோழி தன்னையறியாமல் பின்னால் நகர்ந்து அக்காவுக்குப் பக்கத்தில் வந்து நின்றுகொண்டாள். மகளின் பேச்சு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துபோனது.

கடைசிக் கட்டிடத்துக்குள் போனபோது எதிரிக் கூட்டத்தில் இரண்டு பேர் மிச்சம். படிக்கட்டில் ஒருவன் தோழியைச் சுட்டான். அவனை மகள் சுட்டாள். மகளை மேலேயிருந்து இன்னொருவன் சுட்டான். இப்போது இந்தப் பக்கம் அக்கா ஒருத்தி, அந்தப் பக்கம் அவன் ஒருத்தன். நடுவில் இரண்டு பக்கமும் வாசல் வைத்த ஒரு கூடம். விழுந்து கிடந்த மகளுக்கும் காலடி கேட்டது.

"வலது பக்கம் அம்மா. வலது பக்கம் வரான், திரும்பு."

இரண்டு நல்ல காது இருக்கிறவள் சொல்கிறாள். அக்காவின் கை ஒரு விநாடி வலது பக்கம் இழுத்தது. மேஜையில் இடது ஓரத்தில் அநாதைப் பிளாஸ்டிக் சரக் என்றது. இன்னொரு தடவை சரக். மகளைவிட, மேனேஜரைவிட, வீட்டில் இருக்கிற அத்தனை பேரையும்விட அவள் அதை நம்பினாள். இடது பக்கம் திரும்பி, வாசலில் நிழல் விழுவதற்கு முன்னாலேயே சுட்டாள்.

அவன் விழுந்தான். திரையில் வெற்றி எழுத்து வந்தது. கொழுந்தன் பின்னால் நின்று உள்ளங்கைத் திருகாணிகளைக் குலுக்கினான். அவன் இன்னும் போகவே இல்லை என்பது அப்போதுதான் தெரிந்தது.

 பிறகு மகள், தான் விழுந்து கிடந்தது அம்மாவைப் பார்த்த மாதிரி, அதனால் தன்னுடைய வலது அம்மாவுக்கு இடது என்பது சுட்ட பிறகுதான் உறைத்தது என்று மெல்ல ஒப்புக்கொண்டாள். உனக்கு எப்படித் தெரிந்தது என்று மூன்று தடவை கேட்டாள். அக்கா சொல்லவில்லை. பொத்தானை அழுத்திச் சிரிக்க மட்டும் செய்தாள்.

தோழிதான் தொண்டையைக் கனைத்தாள். "ஆன்ட்டி, நீங்க பேசும்போது உங்க பக்கத்துலேர்ந்து ஏதோ கரகரன்னு ஒரு சத்தம் வருது. ஸ்பீக்கர் போலிருக்கு. அத மாத்திடுங்களேன்."

"மாத்த மாட்டேன்," என்றாள் அக்கா. "அடுத்த ஞாயித்துக்கிழமையும் மூணு மணிக்கு நான் வருவேன், அதுவும் வரும். பக்கத்து ரூம் பொண்ணு வேணும்னா சும்மா பாத்துக்கிட்டு இருக்கட்டும்."

மகள் உடனே சிரிக்கவில்லை. தான் சொன்ன வார்த்தை தன்னிடமே திரும்பி வந்ததை அடையாளம் கண்டுகொள்ள அவளுக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. பிறகு, சாரி அம்மா என்றாள். அது மரப்பெட்டியிலும் பிளாஸ்டிக்கிலும் சேர்ந்து, பாதி தெளிவாகவும் பாதி கரகரப்பாகவும், முழுசாக வந்து சேர்ந்தது. வைக்கட்டுமா என்று அவள் கேட்கவில்லை. அந்த ஒரு பேப்பர் விஷயத்தை முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தாள்.